கரைந்த உலோகமும் தெளிந்த நீரும்

நுழையும்முன்

கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரெல்லாம் தூய நீராகிவிடாது. மண்ணும் தூசும் கலந்தால் நீர் கலங்கிக் காட்டிக்கொடுக்கும். உலோகம் கரைந்தாலோ நீர் பெரும்பாலும் வாய் திறவாது. தொழில் வளர்ந்த ஊர்களில் ஆறும் கிணறும் இவ்வாறு ஓசையின்றி நஞ்சானதுண்டு. அந்நஞ்சை நீரிலிருந்து பிரித்தெடுக்கும் வழியை வேதியியல் கற்றுத் தந்திருக்கிறது. பள்ளி ஆய்வகத்தின் சோதனைக்குழாயில் நாம் காணும் வீழ்படிவே அவ்வழியின் அடிப்படை. பாலாற்றங்கரையின் தோல் பதனிடும் தொழிலைச் சான்றாகக் கொண்டு அதனை விளக்குகிறது இப்பாடம்.

கலங்கலும் கரைசலும்

கலங்கிய நீரைத் தெளியவைக்கும் முறையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்து, அதில் ஆற்றுநீரை ஊற்றி வைப்பர். சிறிது நேரத்தில் மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் படியும்; மேலே தெளிந்த நீர் நிற்கும். கலித்தொகை இச்செயலை உவமையாகவே எடுத்தாள்கிறது. அவ்வளவு பழமையான வழக்கம் இது.

ஆனால், தேற்றாங்கொட்டைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு குவளை நீரில் ஒரு கைப்பிடி உப்பைக் கரைத்து, அதில் தேற்றாங்கொட்டையை எவ்வளவு இழைத்தாலும் உப்பு அடியில் படியாது. வடிதுணியில் ஊற்றினாலும் உப்பு துணியில் தங்காது. மண்துகள் நீரில் மிதக்கும் பொருள். உப்போ நீரில் அயனிகளாகப் பிரிந்து, நீர் மூலக்கூறுகளால் சூழப்பட்டு, நீரோடு நீராக நிற்கும் பொருள். முன்னது கலங்கல், பின்னது கரைசல். கலங்கலை நீக்கும் வழியால் கரைசலைப் பிரிக்க இயலாது.

தொழிற்சாலைக் கழிவுநீரில் உள்ள குரோமியம், செம்பு, துத்தநாகம், நிக்கல், காட்மியம், காரீயம் முதலிய உலோகங்கள் பெரும்பாலும் இவ்வாறே கரைந்த நிலையில் இருக்கின்றன. வடிகட்டியின் கண்கள் எத்துணை நுண்ணியவையாயினும் அயனிகள் அவற்றைக் கடந்து சென்றுவிடும். எனவே, முதலில் செய்யவேண்டியது கரைந்த பொருளைக் கரையாத பொருளாக மாற்றுவது. மாற்றிவிட்டால் அதன்பின் நம் முன்னோர் அறிந்த தெளியவைக்கும் முறையே போதும். இம்மாற்றத்திற்குத்தான் வேதியியல் வீழ்படிவாக்கல் என்று பெயர்.

ஆவாரம்பட்டையிலிருந்து குரோமியத்திற்கு

வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் பாலாற்றை ஒட்டி அமைந்தவை. தோல் பதனிடும் தொழிலால் உலகறிந்தவை. பச்சைத்தோல் விரைவில் அழுகும் இயல்புடையது. அதிலுள்ள புரத இழைகளைப் பிணைத்து, அழுகாத பொருளாக்குவதே பதனிடுதல். தொடக்கத்தில் இதற்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன. பட்டைச்சாற்றில் தோல் பதமாவதற்குப் பல வாரங்கள் ஆகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலைநாடுகளில் குரோமிய உப்பால் பதனிடும் முறை உருவாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் சென்னையில் அம்முறைக்கு வித்திட்டார். பல வாரப் பணி ஒருநாள் பணியாகச் சுருங்கியது. தோலும் மென்மையும் வெப்பந்தாங்கும் ஆற்றலும் பெற்றது. காலணிக்கும் கைப்பைக்கும் ஏற்ற தோல் உலகச் சந்தைக்குச் சென்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பிழைப்பு கிடைத்தது.

இம்முறையில், தொழிலாளர்கள் டிரம் என்றழைக்கும் பெரிய உருளைகளில் தோல்களை இட்டு, கார குரோமிய சல்பேட்டுக் கரைசலோடு சுழற்றுவர். வெளிவரும் தோல் நீலம் பாய்ந்திருக்கும். தொழில்வழக்கில் இதனை 'வெட் புளூ' என்பர். சிக்கல் தோலில் இல்லை. உருளையில் எஞ்சும் நீரில் இருக்கிறது. வழக்கமான முறையில், இட்ட குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே தோல் ஏற்கிறது. எஞ்சியது கரும்பச்சை நிறக் கழிவுநீராக வெளியேறுகிறது. அந்நீரில் ஒரு லிட்டருக்குச் சில கிராம் வரை குரோமியம் இருக்கக்கூடும். உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் மொத்தக் குரோமியம் ஒரு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மிகக்கூடாது என்பது இந்தியாவின் பொது வரம்பு. கிராமுக்கும் மில்லிகிராமுக்கும் இடையே ஆயிரம் மடங்கு தொலைவு. அத்தொலைவைக் கடக்க வேதியியல் துணைநிற்கிறது.

தெரிந்து தெளிவோம்

பாலாற்றுப் பகுதியின் மாசு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கை நெறி, மாசுபடுத்தியவரே ஈடுசெய்யும் நெறி ஆகிய இரண்டும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அத்தீர்ப்பு நிறுவியது. தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப்போனது என்ற ஆய்வுச் செய்தியும், ஒரு கிலோ பதனிட்ட தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்ற செய்தியும் அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளன.

வீழ்படிவு உருவாதல்

நாம் ஆய்வகத்தில் செய்த ஒரு சோதனையை நினைவுகூர்வோம். நீல நிறச் செம்பு சல்பேட்டுக் கரைசலில் சில துளி சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்த்தவுடன் வெளிர்நீலக் கூழ்போன்ற பொருள் தோன்றுகிறது. கரைந்திருந்த செம்பு அயனி ஹைட்ராக்சைடு அயனியோடு சேர்ந்து, நீரில் கரையாத செம்பு ஹைட்ராக்சைடாக மாறிவிட்டது. அதுவே வீழ்படிவு. குழாயைச் சற்று நேரம் அசையாமல் வைத்தால் வீழ்படிவு கீழிறங்கும். மேலே நிற்கும் நீரின் நிறம் மங்கும்.

இதன் காரணம் எளிது. ஒவ்வொரு சேர்மத்திற்கும் கரைதிறன் என்னும் வரம்பு உண்டு. உலோக அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து அவ்வரம்பைத் தாண்டும்போது, மிகுதியாக உள்ளவை திண்மமாக வெளியேறுகின்றன. நீரின் பி.எச். மதிப்பு ஓர் அலகு உயர்ந்தால் ஹைட்ராக்சைடு அயனிகளின் செறிவு பத்து மடங்காகும். ஓர் உலோக அயனியோடு இரண்டு ஹைட்ராக்சைடு அயனிகள் சேர்வதாயின், கரைந்து நிற்கக்கூடிய உலோகத்தின் அளவு நூறில் ஒரு பங்காகக் குறையும். குரோமியம் போல மூன்று சேர்வதாயின் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். பி.எச். அளவில் தோன்றும் சிறு மாற்றம் நீரின் தூய்மையில் இத்துணைப் பெரிய மாற்றத்தை உண்டாக்குகிறது. எனவேதான் சுத்திகரிப்பு நிலையத்தில் பணிபுரிவோர் பி.எச். அளவியை விட்டுக் கண்ணெடுப்பதில்லை.

அளவு கடந்தால்

அப்படியாயின் காரத்தை மேலும் மேலும் சேர்த்துக்கொண்டே போகலாமா? கூடாது. இதற்கும் ஆய்வகமே விடை தருகிறது. துத்தநாக சல்பேட்டுக் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் வெண்ணிற வீழ்படிவு தோன்றும். மேலும் சேர்த்தால் அவ்வீழ்படிவு மீண்டும் கரைந்து மறைந்துவிடும். அமிலத்திலும் காரத்திலும் கரையும் இவ்வியல்பை ஈரியல்பு என்பர். துத்தநாகம், குரோமியம், காரீயம், அலுமினியம் ஆகியவற்றின் ஹைட்ராக்சைடுகள் இவ்வியல்புடையவை.

எனவே, ஒவ்வோர் உலோகத்திற்கும் அதன் கரைதிறன் மிகக் குறைவாக இருக்கும் ஒரு பி.எச். நிலை உண்டு. குரோமியத்திற்கு அது 8ஐ ஒட்டியும், செம்பிற்கு 9ஐ ஒட்டியும், துத்தநாகத்திற்கு 9க்குச் சற்று மேலும், நிக்கலுக்கும் காட்மியத்திற்கும் 10க்கு மேலும் அமைகிறது. கழிவுநீரின் பிற உட்கூறுகளைப் பொறுத்து இம்மதிப்புகள் சற்று மாறும். குரோமியமும் நிக்கலும் ஒரே கழிவுநீரில் கலந்திருந்தால் என்ன செய்வது? நிக்கலுக்காகப் பி.எச். மதிப்பை 10க்கு மேல் உயர்த்தினால், படிந்த குரோமியத்தில் ஒரு பகுதி மீண்டும் கரையத் தொடங்கும். குரோமியத்திற்காக 8இல் நிறுத்தினால் நிக்கல் கரைந்தே நிற்கும். இத்தகைய இடத்தில் முதல் தொட்டியில் ஒன்றையும், அதன் கசடைப் பிரித்தபின் அடுத்த தொட்டியில் மற்றொன்றையும் வீழ்படிவாக்குவர். அதைவிடச் சிறந்தது, அவை கலக்குமுன்பே தனித்தனிக் குழாய்களில் பிரித்துக் கொணர்வது. கலந்தபின் பிரிப்பதைவிடக் கலவாமல் காப்பது எளிது என்பது கழிவுநீர்த் தொழில்நுட்பத்தின் முதற்பாடம்.

எந்தக் காரத்தைத் தேர்வது?

பி.எச். மதிப்பை உயர்த்தச் சுண்ணாம்பு, எரிசோடா, மெக்னீசியம் ஆக்சைடு எனப் பல பொருள்கள் பயன்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் நிறையும் குறையும் உண்டு.

சுண்ணாம்பு விலை மலிவானது, எங்கும் கிடைப்பது. ஆனால், சல்பேட்டு மிகுந்த கழிவுநீரில் அது சேரும்போது ஜிப்சமும் உடன் உருவாகும். அதனால் கசடின் அளவு பெருகும். எரிசோடா விரைந்து வினைபுரியும். கூடுதல் கசடைத் தராது. எனினும் விலை மிகுதி. சற்றே கூடினாலும் பி.எச். மதிப்பு எல்லை கடந்துவிடும். விரைந்து உருவாகும் வீழ்படிவு கூழ்போலப் பருத்து, எளிதில் அடியில் படியாமல் நீரை உள்ளடக்கிக்கொண்டு நிற்கும்.

மெக்னீசியம் ஆக்சைடின் இயல்பு வேறு. அது நீரில் மிகக் குறைவாகவே கரைவது. அமிலம் இருக்குமளவுக்கு மெல்ல மெல்லக் கரைந்து வினைபுரியும். மிகுதியாக இட்டுவிட்டாலும் எரிசோடாவைப் போல் பி.எச். மதிப்பைத் தாறுமாறாக உயர்த்திவிடாது. மெதுவாக உருவாவதால் வீழ்படிவும் செறிவாக அமைந்து சில மணிநேரத்தில் அடியில் படியும். குரோமியத்தைக் கழிவாகத் தள்ளாமல் மீண்டும் பயன்படுத்த விரும்புவோர்க்கு இவ்வியல்பு பெரிதும் உதவுகிறது.

கழிவிலிருந்து மீட்பு

சென்னை அடையாற்றில் 1948ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் குரோமியத்தை மீட்டெடுக்கும் முறையை நம் தொழிற்கூடங்களுக்கேற்ப வகுத்துப் பரப்பியது. அதன் படிகள் பின்வருமாறு அமையும்.

பதனிடும் உருளையிலிருந்து வெளிவரும் குரோமியக் கழிவுநீரைப் பிற கழிவுநீரோடு கலக்காமல் தனியே திரட்டுவர். சல்லடையால் தோல்துணுக்குகளை நீக்குவர். பின்னர் வினைத்தொட்டியில் இட்டு, மெக்னீசியம் ஆக்சைடைச் சேர்த்துக் கலக்கியவாறே பி.எச். மதிப்பை 8 அளவிற்கு உயர்த்துவர். குரோமியம் ஹைட்ராக்சைடு பசுமை நிற வீழ்படிவாகத் தோன்றும். கலக்கியை நிறுத்தி நீரை அசையாமல் விட்டால் வீழ்படிவு அடியில் தங்கும். மேல்நீரை வடித்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திற்கு அனுப்புவர். அடியில் தங்கிய வீழ்படிவில் கந்தக அமிலத்தைக் கவனத்துடன் சேர்ப்பர். அது கரைந்து மீண்டும் கார குரோமிய சல்பேட்டாகும். அதனைப் புதிய உப்போடு சேர்த்து அடுத்த பதனிடுதலுக்குப் பயன்படுத்துவர்.

ஒரு கணக்கால் இதன் பயனை உணரலாம். ஒரு தொழிற்கூடத்தில் ஒரு நாளில் 10,000 லிட்டர் குரோமியக் கழிவுநீர் சேர்வதாகவும், அதில் ஒரு லிட்டருக்கு 3 கிராம் குரோமியம் இருப்பதாகவும் கொள்வோம். மொத்தக் குரோமியம் 30 கிலோ. இதே நீரை லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற வரம்புக்குக் கொண்டுவந்தால், அதில் எஞ்சியிருப்பது 20 கிராம் மட்டுமே. ஒருநாள் நீரில் ஆற்றுக்குச் சென்றிருக்க வேண்டிய 30 கிலோ உலோகத்தில் ஒரு கைப்பிடிக்கும் குறைவான அளவே மிஞ்சுகிறது. மற்றதெல்லாம் தொழிற்கூடத்தின் கிடங்கிற்கே மீள்கிறது. ஆற்றுக்கு நஞ்சாக இருந்தது தொழிலுக்கு மூலப்பொருளாகிவிட்டது.

இதே 10,000 லிட்டர் கழிவுநீரை வேறொரு வழியிலும் வரம்புக்குக் கொண்டுவரலாமே என ஒருவர் வினவக்கூடும். நல்ல நீரைக் கலந்து நீர்க்கச் செய்தால் போதாதா? லிட்டருக்கு 3 கிராமை 2 மில்லிகிராம் ஆக்க 1,500 மடங்கு நீர் வேண்டும். அதாவது ஒன்றரைக் கோடி லிட்டர். அவ்வளவு நல்ல நீரைக் கெடுத்த பிறகும் ஆற்றுக்குச் செல்லும் குரோமியம் அதே 30 கிலோதான். நீர்க்கச் செய்தல் எண்ணை மாற்றும். நஞ்சின் அளவை மாற்றாது.

இருவகைக் குரோமியம்

குரோமியத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. தோல் பதனிடப் பயன்படுவது மூவிணைதிறன் குரோமியம். மின்முலாம் பூசும் கூடங்களிலும் குரோமேட்டு உற்பத்தியிலும் காணப்படுவது ஆறிணைதிறன் குரோமியம். இரண்டும் ஒரே தனிமமாயினும் இயல்பில் வேறுபட்டவை. ஆறிணைதிறன் குரோமியம் மனிதர்க்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என உறுதிசெய்யப்பட்டுள்ளது. நீரில் எளிதில் கரைந்து மண்ணினூடே நெடுந்தொலைவு செல்லவல்லது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் இதற்கான வரம்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் மட்டுமே.

ஆறிணைதிறன் குரோமியம் காரம் சேர்த்தாலும் ஹைட்ராக்சைடாக வீழ்படிவதில்லை. ஆகவே முதலில் அதனை மூவிணைதிறன் நிலைக்கு ஒடுக்கவேண்டும். பி.எச். மதிப்பை 2 முதல் 3 வரை தாழ்த்தி, சோடியம் பைசல்பைட்டு அல்லது பெரஸ் சல்பேட்டைச் சேர்ப்பர். மஞ்சள் நிறம் மாறிப் பசுமை தோன்றும். அதன்பிறகே காரம் சேர்த்து வீழ்படிவாக்குவர். முதலில் அமிலம், பின்னர் காரம் என்னும் இவ்வரிசையை மாற்றினால் உழைப்பெல்லாம் வீணாகும்.

வீழ்படிவாக்கலுக்கு வேறு தடைகளும் உண்டு. மின்முலாம் பூசும் கழிவுநீரில் சயனைடோ அம்மோனியாவோ இருந்தால், அவை உலோக அயனியைச் சூழ்ந்து பற்றிக்கொண்டு அணைவுச் சேர்மமாக்கிவிடும். செம்பு ஹைட்ராக்சைடு வீழ்படிவின்மேல் அம்மோனியா நீரை மிகுதியாக ஊற்றினால் அது கரைந்து கருநீலக் கரைசலாவதை ஆய்வகத்தில் கண்டிருப்போம். அத்தகைய பிடியிலிருந்து உலோகத்தை விடுவித்தால்தான் வீழ்படிவாக்க இயலும். சயனைடு இருப்பின், காரநிலையில் குளோரின் சேர்த்து அதனை முதலில் சிதைப்பர். அது கொடிய நஞ்சாதலாலும், அமிலத்தோடு சேர்ந்தால் உயிர்பறிக்கும் வளியை வெளியிடும் என்பதாலும் சயனைடுக் கழிவை அமிலக் கழிவோடு ஒருபோதும் கலப்பதில்லை.

திரளுதல், படிதல், வடிதல்

வீழ்படிவு உருவாவதால் மட்டும் பணி முடிந்துவிடாது. கரையாத் துகள்கள் மிக நுண்ணியவை, பெரும்பாலும் மின்சுமையுடையவை. ஒத்த மின்சுமை ஒன்றையொன்று விலக்குவதால் அவை எளிதில் திரள்வதில்லை. படிகாரம் அல்லது பெரிக் குளோரைடு சேர்த்து விரைவாகக் கலக்கினால் அம்மின்சுமை நடுநிலையாகும். பின்னர் நெடுந்தொடர் பல்லுறுப்பிப் பொருளைச் சிறிதளவு சேர்த்து மெதுவாகக் கலக்குவர். துகள்கள் பஞ்சுப்பிசிறுகள் போலத் திரண்டு கனமாகும். இந்நிலையில் வேகமாகக் கலக்கினால் திரண்டவை உடைந்து சிதறும். விரைவு வேண்டிய இடத்தில் விரைவும், பொறுமை வேண்டிய இடத்தில் பொறுமையும் இங்கே கடைப்பிடிக்கப்பட வேண்டும்.

அதன்பின் நீர் படிவுத்தொட்டியில் மெல்ல நகரும். திரள்கள் அடியில் படியும். தெளிந்த நீர் விளிம்பின் வழியே வழிந்து மணல் வடிகட்டிக்குச் செல்லும். தப்பிய நுண்துகள்கள் அங்கே தங்கும். வெளியேறும் நீரில் உலோகத்தின் அளவை ஆய்ந்து, பி.எச். மதிப்பையும் நடுநிலைக்கு அருகில் கொண்டுவந்த பின்னரே அடுத்த நிலைக்கு அனுப்பவேண்டும்.

கசடு என்னும் கடன்

இங்கு நாம் மறக்கக்கூடாத உண்மை ஒன்றுண்டு. உலோகம் ஒரு தனிமம். அதனை எரித்தோ வேதிவினையாலோ இல்லாமலாக்க முடியாது. வீழ்படிவாக்கல் அதனை நீரிலிருந்து கசடுக்கு இடம்மாற்றுகிறது; அவ்வளவே. மீட்டெடுக்காமல் விட்டால், ஆற்றைக் காத்த அதே செயல் கசடுக்குவியலாக நிலத்தின்மேல் நின்றுகொண்டிருக்கும். மழைநீர் அமிலத்தன்மை பெற்று அதன்வழி இறங்கினால் உலோகம் மீண்டும் கரையும். மூவிணைதிறன் குரோமியம் மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகளால் ஆறிணைதிறன் நிலைக்கு மாறவும் கூடும். எனவே, கசடிலுள்ள நீரை அழுத்தி வடித்து, கட்டியாக்கி, நீர் ஊடுருவாத விரிப்பிட்ட பாதுகாப்பான நிலநிரப்பு இடங்களில் சேர்க்கவேண்டும் என்பது விதி.

விதி தவறும்போது நேர்வதையும் நாம் கண்டிருக்கிறோம். 2015ஆம் ஆண்டு சனவரித் திங்களின் இறுதிநாளில், இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் தோல் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையமொன்றின் கசடுத்தொட்டிச் சுவர் நள்ளிரவில் உடைந்தது. பீறிட்ட கசடு அருகிலிருந்த தொழிற்கூடத்திற்குள் புகுந்தது. அங்கு உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் உயிரிழந்தனர். நீரைத் தூய்மையாக்கும் பணியின் எச்சமே மனித உயிர்களைக் கொண்டது. கசடு என்பது பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைக்கும் பொருளன்று. உரிய நாளில் தீர்க்கவேண்டிய கடன்.

வீழ்படிவாக்கலால் இயலாததும் உண்டு. பாலாற்றுப் பகுதிக் கிணறுகளைக் கெடுத்ததில் குரோமியத்தைவிடச் சாதாரண உப்பின் பங்கு பெரிது. தோலைக் கெடாமல் வைக்கவும் அமிலப்பதம் செய்யவும் இடப்படும் சோடியம் குளோரைடு, எந்தக் காரத்தாலும் வீழ்படிவதில்லை. அதனை நீக்க எதிர்ச்சவ்வூடு பரவலும் அதன்பின் ஆவியாக்கலும் தேவைப்படுகின்றன. அவற்றுக்கு மின்னாற்றலும் எரிபொருளும் பெரிதும் செலவாகும். ஆகவே, பச்சைத்தோலில் ஒட்டியுள்ள உப்பைக் கழுவுமுன்பே உதறித் திரட்டும் எளிய செயலும் ஒரு சுத்திகரிப்பு முறையே ஆகும்.

ஆற்றுக்கு இரு கரைகள்

மாசு பற்றிப் பேசும்போது, தொழிலை மூடிவிட்டால் சிக்கல் தீரும் என்பார் சிலர். தொழில் நடக்க ஆறு கெட்டாலும் தகும் என்பார் வேறு சிலர். பாலாற்றின் ஒரு கரையில் கிணற்றுநீர் உவர்த்துப்போன உழவர் நிற்கிறார். மறுகரையில் உருளையைச் சுழற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தொழிலாளர் நிற்கிறார். உழவரும் தொழிலாளரும் அருந்துவது ஒரே நிலத்தடி நீரையே. ஒருவருடைய வாழ்வைப் பறித்து மற்றொருவருக்குத் தருவது அறமாகாது.

இருவருக்கும் இடமளிக்கும் வழியை அறிவியல் காட்டியிருக்கிறது. அவ்வழி எளிதன்று. கழிவுநீரைப் பிரித்துக் கொணரக் குழாய் வேண்டும். காரத்தை அளந்திட ஆள் வேண்டும். கசடைச் சேர்க்க இடம் வேண்டும். இவையனைத்துக்கும் பொருள் வேண்டும். இரவில் எவரும் பாராத வேளையிலும் திறப்பானைத் திறந்துவிடாத நேர்மை எல்லாவற்றிலும் மேலாக வேண்டும். பி.எச். மதிப்பை அளவி காட்டும். மனத்தின் நிலையைக் காட்ட எந்த அளவியும் இல்லை.

சோதனைக்குழாயில் வெளிர்நீல வீழ்படிவு இறங்குவதை அடுத்தமுறை காணும்போது, மதிப்பெண்ணுக்குரிய செய்முறையாக மட்டும் அதனைக் கருதாதிருப்போம். ஒரு கிணற்றின் நீரை, ஓர் ஊரின் வேளாண்மையை, ஒரு குடும்பத்தின் வேலையைக் காக்கவல்ல செயல் அந்தச் சிறு குழாயில் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. செய்முறை முடிந்ததும் அந்தக் கரைசலை எங்கே ஊற்றுகிறோம் என்பதிலிருந்தே நம் பொறுப்பு தொடங்குகிறது.

கலைச்சொல் விளக்கம்

வீழ்படிவு – கரைசலில் வேதிவினையால் தோன்றும் கரையாத் திண்மம்
கரைதிறன் – குறிப்பிட்ட வெப்பநிலையில் ஒரு பொருள் கரையக்கூடிய பேரளவு
ஈரியல்பு – அமிலத்தோடும் காரத்தோடும் வினைபுரியும் தன்மை
ஒடுக்கம் – ஒரு தனிமம் எலக்ட்ரானை ஏற்று ஆக்சிஜனேற்ற நிலையில் தாழ்தல்
அணைவுச் சேர்மம் – உலோக அயனியைப் பிற மூலக்கூறுகளோ அயனிகளோ சூழ்ந்து பிணைந்த சேர்மம்
கசடு – கழிவுநீரிலிருந்து பிரிந்து படியும் குழம்புநிலைப் பொருள்

இலக்கணக்குறிப்பு

வீழ்படிவு – வினைத்தொகை
கரையாத் துகள் – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
தெளிந்த நீர் – பெயரெச்சம்
உழவரும் தொழிலாளரும் – எண்ணும்மை

பகுபத உறுப்பிலக்கணம்

கரைந்த = கரை + த்(ந்) + த் + அ
கரை – பகுதி
த் – சந்தி. ந் ஆனது விகாரம்
த் – இறந்தகால இடைநிலை
அ – பெயரெச்ச விகுதி

மதிப்பீடு

குறுவினா
1. கலங்கலுக்கும் கரைசலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூறுக.
2. ஈரியல்பு என்றால் என்ன? சான்று தருக.
3. நீர்க்கச் செய்தல் மாசுக்குத் தீர்வாகாது. ஏன்?

சிறுவினா
1. குரோமியத்தை மீட்டெடுக்க மெக்னீசியம் ஆக்சைடு ஏற்றதாக அமைவதன் காரணங்களை விளக்குக.
2. ஆறிணைதிறன் குரோமியத்தை நீக்கும் படிகளை வரிசைப்படுத்தி எழுதுக.
3. 'கசடு உரிய நாளில் தீர்க்கவேண்டிய கடன்' – பாடப்பகுதி கொண்டு தெளிவுறுத்துக.

நெடுவினா
தொழில்வளமும் நீர்வளமும் ஒருங்கே காக்கப்பட வேண்டும் என்னும் கருத்தைப் பாலாற்றுப் பகுதியைச் சான்றாகக் கொண்டு கட்டுரையாக வரைக.

கற்பவை கற்றபின்
உங்கள் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் ஒரு வாரத்தில் வெளியேற்றப்படும் கரைசல்களைப் பட்டியலிடுக. அவற்றுள் உலோகம் கலந்தவை எவை, அவை இப்போது எங்கே ஊற்றப்படுகின்றன, அவற்றைத் தனியே திரட்டி வீழ்படிவாக்க என்ன ஏற்பாடு செய்யலாம் என்பன குறித்து ஆசிரியரின் துணையோடு அறிக்கை எழுதி வகுப்பறையில் படித்துக் காட்டுக.